வளவைத் தோண்டியது யார்? மண்ணைப் பார்த்தே பிடிக்கலாம்

விடிய எழும்பிப் பார்த்தால் வாழையடியில் புதுக் குழி. வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் இருக்கும் எங்களுக்கு இது பழகிப்போனது. பக்கத்து வீட்டு மாமி ஒவ்வொரு முறையும் "முள்ளம்பன்றிதான் தம்பி" என்பார். ஒருநாளாவது ஒரு முள் கிடைத்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

1. கூட்டுமாறை எடுக்காதீர்கள். குழிக்குப் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து, காலை வெயில் சரிவாக விழும்போது படம் எடுங்கள். உச்சி வெயிலில் நகக்கீறல் தெரியாது. மழை வந்தால் கதை முடிந்தது.

2. குழியை விட்டுவிட்டு, வெளியே வந்த மண்ணைப் பாருங்கள். ஆள் பிடிபடுவது இங்கேதான்.

மதிலடியிலோ கான் ஓரத்திலோ வட்டமான வாய், அதன் முன்னால் குவியலாகப் புது மண், உள்ளே நீளும் சுரங்கம் என்றால் பெருச்சாளி. அது குடியிருக்கத் தோண்டுகிறது.

சுரங்கமே இல்லாமல் சருகு கலைந்து, மண் மேலாகப் பறண்டப்பட்டு, கூரிய நகக்கோடுகள் தெரிந்தால் உடும்பாக இருக்கலாம், பூச்சி தேடியிருக்கும். கீரியும் இப்படிக் கிளறும், ஆனால் அதன் குழிகள் சின்னவை, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்.

மண் ஒரே பக்கமாகப் பின்னால் தூரத் தெறித்திருக்கிறதா? தெரு நாய். காட்டு விலங்கு என்று பதறியவர்களில் பாதிப்பேருக்கு நான் சொன்ன பதில் இதுதான்!

அவிசாவளைப் பக்கம் காணி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு பேர். காட்டுப்பன்றி மூக்கால் உழும். பாத்தி முழுக்கப் புரண்டு கிடக்கும். முள்ளம்பன்றி மரவள்ளிக் கிழங்கைத் தேடித் தோண்டி, பல் பதியக் கொறித்த மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போகும்.

3. சந்தேகம் தீரவில்லையா? பொழுதுபட, குழியைச் சுற்றி நைசான மணலைத் தூவுங்கள். விடிய ஐந்து விரல் நகத்தடமும் நடுவே வால் இழுத்த கோடும் இருந்தால் அது உடும்பு அல்லது கபரக்கொய்யா (நீர் உடும்பு). இரண்டும் சட்டப் பாதுகாப்பு உள்ளவை, விட்டுவிடுங்கள்.

4. கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். எலி வளையில் நாகம் குடிபுகுவது புதிதல்ல. ஆள் இருக்கிறதா என்று பார்க்க, சருகைப் பந்தாகச் சுருட்டிக் குழிவாயில் வைத்தால் போதும். எங்கள் மதிலடியில் வைத்த பந்து மறுநாள் நாலடி தள்ளிக் கானுக்குள் கிடந்தது.