அபாய இரசாயனங்களுக்கு இறக்குமதித் தடை: கல்நார் வழக்கை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அபாயகரமான தொழில்துறை இரசாயனம் ஒன்றின் இறக்குமதியைத் தடுக்கலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், உலக வர்த்தக அமைப்பில் பிரான்சின் தடையை எதிர்த்துக் கனடா தொடுத்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வழக்கு சான்றாகக் காட்டப்படுகிறது. வணிகத்தைவிட உடல்நலமே மேல் என்று அதில் முடிவாகிவிட்டதாகப் பலரும் எழுதுகிறார்கள். தீர்ப்பு அத்தனை எளிதானதல்ல.

முதலில், அதை வெறும் இறக்குமதித் தடை என்று விவரிப்பதே பிழை. 1997 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரான்சின் ஆணை, எல்லா வகைக் கல்நாரின் இறக்குமதியோடு உள்நாட்டு உற்பத்தியையும் விற்பனையையும் சேர்த்தே தடை செய்தது. மாற்றுப் பொருள் கிடைக்காத சில பயன்பாடுகளுக்கு மட்டும் தற்காலிக விலக்கு இருந்தது. துறைமுகத்தை அடைத்துவிட்டுச் சொந்த ஆலைகளைத் திறந்து வைத்திருக்கும் அரசு இந்தத் தீர்ப்பைத் துணைக்கு அழைக்க முடியாது.

அடுத்த தவறுதான் வழக்கறிஞர்களையே அதிகம் சறுக்க வைப்பது. வெள்ளைக் கல்நாரான கிரைசோடைலும் அதற்கு மாற்றான செல்லுலோஸ், கண்ணாடி இழை போன்றவையும் ‘ஒத்த பொருள்கள்’ என்றும், எனவே இறக்குமதிப் பொருளை ஒத்த உள்நாட்டுப் பொருளைவிடத் தாழ்வாக நடத்தக் கூடாது என்னும், காட் (வரி, வணிகம் குறித்த பொது) ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவு மீறப்பட்டது என்றும், ஆனால் மனித உயிரையும் நலத்தையும் காப்பதற்கான 20ஆம் பிரிவின் விதிவிலக்கு அதை நியாயப்படுத்துகிறது என்றும் 2000இல் விசாரணைக் குழு கூறியது. 2001 மார்ச்சில் மேல்முறையீட்டு அமைப்பு இதன் முதல் பாதியைத் தள்ளுபடி செய்தது. புற்றுநோயை உண்டாக்கும் தன்மை ஒரு பொருளின் இயற்பண்பிலேயே அடங்கியிருக்க, ஒப்புமையை ஆராயும்போது அதை ஒதுக்கி வைத்தது பிழை என்பது அதன் கருத்து. விதிவிலக்கு பற்றிய முடிவை அது உறுதி செய்தாலும், 3ஆம் பிரிவு மீறப்பட்டதைக் கனடா மெய்ப்பிக்கவில்லை என்பதால், பிரான்ஸ் அந்த விதிவிலக்கைச் சார்ந்திருக்க வேண்டிய தேவையே எழவில்லை. இந்த வேறுபாடு ஏட்டளவிலானதன்று: ஒப்புமையை மெய்ப்பிக்கும் சுமை வழக்குத் தொடுத்தவருடையது; விதிவிலக்கை மெய்ப்பிக்கும் சுமை தடை விதித்தவருடையது. எடுத்த எடுப்பிலேயே விதிவிலக்கைப் பேசத் தொடங்கும், தடை விதித்த தரப்பின் வழக்கறிஞர், எதிர்த்தரப்பின் சுமையைத் தானே வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறார்.

அபாயத்தை எண்ணிக்கையில் நிறுவியாக வேண்டும் என்பதும் தவறான எண்ணமே. அதன் தன்மையைக் காட்டினால் போதும். கட்டுப்பாடான பயன்பாடே போதுமானது என்று கனடா வாதிட்டது. சுரங்கத்திலும் ஆலையிலும் அது ஓரளவு இயலக்கூடும். பழைய வீட்டின் கல்நார் சிமென்ட் தகட்டில் துளையிடும் தொழிலாளி முகக்கவசம் அணிந்திருக்கிறாரா, பறக்கும் தூசு எங்கே படிகிறது என்பதை எந்த ஆய்வாளர் போய்ப் பார்ப்பார்? கட்டுமானத் துறையில் அத்தகைய கட்டுப்பாடு நடைமுறைக்கு வராது என்ற வாதம் அங்கே எடுபட்டது. அதற்காக, சந்தேகமே போதும் என்ற எதிர்முனைக்குப் போய்விடக் கூடாது. கல்நார் புற்றுநோயை உண்டாக்கும் என்பது 1977 முதலே பன்னாட்டளவில் ஏற்கப்பட்டிருந்தது. அத்தகைய சான்று எல்லா இரசாயனத்துக்கும் இருக்காது.

உலக வர்த்தக அமைப்பின் இன்னோர் உடன்பாடான, வணிகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள் குறித்த ஒப்பந்தத்திலும் பிரான்ஸ் வென்றதாக எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். அந்த ஆணை ‘தொழில்நுட்ப ஒழுங்குமுறை’ என்ற வரையறைக்குள் வரும் என்று மட்டுமே மேல்முறையீட்டு அமைப்பு சொன்னது. அது ஒப்பந்தத்துக்கு இசைவானதா என்பதற்குள் செல்லவில்லை.

அபாய இரசாயனங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த ரோட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலைத் தடைப் பட்டியலாகக் கருதுவது இன்னொரு குழப்பம். பட்டியலில் ஏறிய இரசாயனத்தை ஒரு நாட்டுக்கு அனுப்ப, அதன் அபாயத்தை அறிந்து அந்நாடு முன்கூட்டியே தரும் ஒப்புதல் தேவை, அவ்வளவே. ஒருமித்த கருத்து எட்டப்படாததால் கிரைசோடைலைச் சேர்க்கும் முயற்சி கூட்டத்துக்குக் கூட்டம் முடங்கியது. பட்டியலில் இல்லாததைத் தடுக்க முடியாது என்று இறக்குமதியாளர் தரப்பு வாதிட இது இடமளிக்கிறது. ஆனால் பட்டியலில் இல்லாததைத் தடுக்கக் கூடாது என்று உடன்படிக்கை எங்கும் சொல்லவில்லை. அன்று வழக்காடிய கனடாவே, கிரைசோடைல் பட்டியலில் ஏறாத நிலையில்தான், 2018இல் கல்நாருக்குத் தடை விதித்தது.