விலையைச் சங்கம் முடிவு செய்யலாமா? உங்கள் தெருவில் ஒரு கூட்டம் நடத்த

பழைய வண்ணாரப்பேட்டையில் 22 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பகுதிக் கடைக்காரர்கள் சங்கத்துக்கு ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். அப்போது சங்க லெட்டர்பேடில் நானே கையெழுத்துப் போட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன்: ‘ஒரு பக்கம் 2 ரூபாய். யாரும் குறைக்கக் கூடாது.’ காலேஜ் பக்கத்தில் கடை போட்டிருந்த ஒரு தம்பி மட்டும் பசங்களுக்கு 1 ரூபாய்க்கே எடுத்துக் கொடுத்தான். ஆண்டர்சன் தெருவுக்குப் போய், அவனுக்கு ரீம் போடாதீங்க என்று பேப்பர் மொத்த வியாபாரியிடம் சொல்லிவிட்டு வந்தோம். நாலே மாதத்தில் அவன் கடையை மூடினான். நாங்கள் செய்த இரண்டுமே சட்ட விரோதம் என்பது, பிற்பாடு ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் நானே இரண்டு கூட்டம் நடத்தியிருக்கிறேன். அதில் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் நோட்டீஸ். போட்டி ஆணையம் என்றால், சேர்ந்து விலை வைப்பது போல வியாபாரப் போட்டியைக் கெடுக்கும் வேலைகளை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பு. முதல் தடவை ‘போட்டி ஆணையம் விழிப்புணர்வுக் கூட்டம்’ என்று அடித்தோம். கோலப் போட்டியா, பேச்சுப் போட்டியா என்று கேட்டார்கள். வந்தது பதினோரு பேர். அடுத்த தடவை ‘விலையைச் சங்கம் முடிவு செய்யலாமா?’ என்ற ஒரே கேள்வியைப் பெரிய எழுத்தில் போட்டோம். நாற்காலி போதாமல் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்க வேண்டியதாயிற்று. ஆணையத்தின் பெயரைக் கீழே சின்னதாகப் போட்டால் போதும்.

யாரைக் கூப்பிடுவது? இந்தியப் போட்டி ஆணையத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும், தென் மாநிலங்களுக்கான மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. இந்தச் சட்டத்தைப் பற்றி விழிப்புணர்வு உண்டாக்குவது ஆணையத்தின் வேலை என்று போட்டிச் சட்டம் 2002, பிரிவு 49 சொல்கிறது. அதனால் தயங்காமல் கேளுங்கள். முகவரி ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். கடிதத்தில் எத்தனை பேர் வருவார்கள், என்னென்ன தொழில், எந்தத் தேதிகள் வசதி என்று எழுதுங்கள். தமிழில் பேசுகிறவர் வேண்டும் என்பதைத் தனி வரியாகவே எழுதுங்கள். சட்ட வார்த்தைகளை இங்கிலீஷில் அடுக்கினால் பின்வரிசை எழுந்து போய்விடும்.

தேதியைத் தொழிலைப் பார்த்து வையுங்கள். எம்.சி. ரோடு ஜவுளிக்காரர்கள் ஆடியிலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் வரமாட்டார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவே கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் தடைக்காலத்தில் நிற்கும்போது அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

வியாபாரிகளை மட்டும் கூட்டாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். மகளிர் குழு அக்காக்களையும், வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் இருப்பவர்களையும் அதே கூடத்தில் உட்கார வையுங்கள். எங்கள் இரண்டாவது கூட்டத்தில் கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு அக்கா எழுந்து, “எங்க தெருவுக்கு வேற ஆளு தண்ணி கேன் போட வந்தா திருப்பி அனுப்பிடறாங்க. ஏன்னு கேட்டா, இது அவரு ஏரியாவாம்” என்றார். ஏரியா பிரித்துக்கொள்வதும் விலை பேசி வைப்பதைப் போலவே தடை செய்யப்பட்டது என்று அதிகாரி விளக்கினார். கேன் போடுகிற அண்ணன் ஒருவர் மூன்றாவது வரிசையிலேயே இருந்தார். நூறு துண்டுப் பிரசுரம் கொடுத்தாலும் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடாகாது.

பேச வருபவரிடம் முன்கூட்டியே நாலு விஷயம் கேட்டுவிடுங்கள். சேர்ந்து விலை வைப்பது, சரக்கை நிறுத்துவது, ஏரியா பிரிப்பது, சிண்டிகேட் போட்டு டெண்டர் எடுப்பது. இந்த நாலும் போட்டிச் சட்டத்தின் பிரிவு 3-இல் வருகின்றன. ஒப்பந்தம் என்றால் பத்திரத்தில் எழுதியதுதான் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். டீக்கடையில் வாய்வார்த்தையாகப் பேசியதும், வாட்ஸ்அப் குரூப்பில் ‘ஒண்ணாம் தேதியிலிருந்து 5 ரூபாய் ஏத்தறோம்’ என்று போட்டதும் ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். சங்கத்துக்குப் போடும் அபராதத்தோடு நிர்வாகிகள் மேல் தனியாகவும் அபராதம் விழ வாய்ப்புண்டு. நம்மைப் போன்ற சின்ன ஆட்களை யார் கேட்கப் போகிறார்கள் என்ற பேச்சும் கட்டாயம் வரும். சங்கத்திடம் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்காதவருக்கு மருந்து சப்ளை செய்யக் கூடாது என்று தடுத்த மருந்து வணிகர் சங்கங்கள் மேல் ஆணையம் உத்தரவு போட்டிருப்பதை அப்போது சொல்லச் சொல்லுங்கள்.

எது தப்பில்லை என்பதையும் அதே அளவு பேச வேண்டும், இல்லாவிட்டால் சங்கமே கூடாது என்று பயந்துவிடுவார்கள். குப்பை, பார்க்கிங், ஜிஎஸ்டி சிக்கல், திருட்டுப் புகார் இதற்கெல்லாம் சங்கம் தாராளமாகக் கூடலாம். எதிர்க்கடை விலையைப் பார்த்துத் தானாக ஒருவர் தன் விலையை மாற்றினால் அது வியாபாரம்தான்.

கேள்வி நேரத்தில் பாதிப் பேர் வேறு குறையைத்தான் சொல்வார்கள். அதற்கு ஒரு ஆளைத் தனி மேசையில் உட்கார வையுங்கள். எடை குறைவு, எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது என்றால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. கெட்டுப்போன பொருள், மோசமான சேவை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915 அல்லது வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். போட்டி ஆணையம் தனி மனிதரின் பில்லுக்கு நஷ்ட ஈடு வாங்கித் தரும் இடமில்லை. சந்தையையே கெடுக்கும் நடத்தையைத்தான் அது விசாரிக்கிறது.

உண்மையிலேயே ஆணையத்துக்குப் புகார் கொடுக்க நினைப்பவருக்கு மூன்று தகவல் போதும். தனி நபருக்கும் நுகர்வோர் சங்கத்துக்கும் கட்டணம் 5,000 ரூபாய், கம்பெனிகளுக்கு விற்றுமுதலைப் பொறுத்துக் கூடும். பெயரை ரகசியமாக வைக்கக் கோரலாம். சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சேர்ந்து விலை வைத்தவர்களில் ஒருவரே முன்வந்து ஆணையத்திடம் சொன்னால், அவருக்கு அபராதம் குறைய வழி இருக்கிறது. பீர் கம்பெனிகள் விலை பேசி வைத்த வழக்கில் 2021-இல் ஆணையம் சுமார் 873 கோடி ரூபாய் அபராதம் போட்டது. முதலில் வந்து ஆதாரம் கொடுத்த கம்பெனிக்கு அபராதம் முழுவதும் தள்ளுபடி. இதைச் சொன்னபோது கூடத்தில் சத்தமே இல்லை.

கூட்டம் முடிந்த வாரமே சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். விலை பற்றிய தீர்மானம் இருந்தால் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அது ஆதாரத்தை அழித்ததாகிவிடும். ‘இந்தத் தீர்மானம் ரத்து, இனி அவரவர் விலை அவரவர் முடிவு’ என்று புதிய தீர்மானம் போட்டு, எல்லா உறுப்பினருக்கும் அனுப்புங்கள். நாங்கள் அனுப்பிய நகல் ஒன்றை ஆண்டர்சன் தெருவுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்னொன்று. வந்தவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதிய தாளை ஒரே ஒருவர் பொறுப்பில் வையுங்கள், போட்டோ எடுத்து குரூப்பில் போட விடாதீர்கள். தனியாக வந்து பேச நினைப்பவர் முதலில் பார்ப்பது அந்தத் தாள் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான்.