ஈயம் ஒட்டவில்லையா? புது சால்டரிங் அயர்ன் வாங்கும் முன்

என் 25 வாட் சால்டரிங் அயர்ன் (ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் கருவி) ஈயத்தை உருக்கியது, ஆனால் ஈயம் பிட்டில், அதாவது அயர்னின் சூடேறும் முனைத்துண்டில், ஒட்டாமல் உருண்டு விழுந்தது. வாட் போதவில்லை என்று சூடு கட்டுப்படுத்தும் ஸ்டேஷன் வாங்கத் தோன்றும். கோளாறு பிட்டின் நுனியில்தான்: சூட்டில் கருத்துப்போன ஆக்ஸைடு படலம் சூட்டையும் கடத்தாது, ஈயத்தையும் ஏற்காது.

முதலில் பிட்டில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு முலாம் பூசிய பிட். அதில் அரம், உப்புத்தாள் படவே கூடாது. முலாம் போனால் உள்ளிருக்கும் செம்பை ஈயம் அரித்துக் குழியாக்கிவிடும். ஒட்டாவிட்டால் வெறும் செம்பு, அரம் போடலாம்.

முலாம் பிட்டை நன்றாகச் சூடாக்கி, பித்தளைச் சுருளில் குத்தி எடுத்து, ரோசின் பேஸ்ட்டில் (ஈயம் ஒட்ட உதவும் மரப்பிசின் பசை) தொட்டு, உடனே 60/40 ஈயம் (60% வெள்ளீயம், 40% காரீயம்) வைத்தேன். நான்கைந்து முறைக்குப் பிறகு நுனி வெள்ளிபோல் மின்னியது. அணைக்கும்முன் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை விட்டுவைக்கிறேன். துடைத்துவிட்டு அணைத்தால் மறுபடி கருக்கும்.

செலவழிக்க வேண்டிய இடம் ஈயக் கம்பி. உள்ளே ரோசின் உள்ள 0.8 மி.மீ. கம்பியை, பெயர் தெரிந்த தயாரிப்பாகவே வாங்குங்கள். குழாய் வேலைக்கான அமில பேஸ்ட் மலிவுதான், ஆனால் சர்க்யூட் போர்டின் செம்பை அரித்துவிடும். ஊசி முனையைவிட உளி முனை பிட் நல்லது. தொடும் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் இறங்கும். தடித்த கேபிள் பற்றவைக்கும் வேலை வந்தால் மட்டும் 60 வாட் பற்றி யோசிக்கலாம்.