லேப்டாப்பில் தமிழ் சரியாக வரவில்லையா? கோளாறின் தோற்றத்தை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்

புது லேப்டாப் வாங்கியதும் பலருக்கும் வரும் முதல் தலைவலி தமிழ்தான். தட்டினால் ஆங்கிலமே வருகிறது. நண்பர் அனுப்பிய கோப்பு கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பத்து வருடத்துக்கு முந்தைய கோப்பைத் திறந்தால் ஒரு வார்த்தையும் புரியவில்லை. உடனே யாராவது, "விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்" என்று சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தக் கோளாறுகள் அநேகமாக எல்லாமே நாமே செட்டிங்ஸில் சரிசெய்யக்கூடியவை. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் திரையில் என்ன தெரிகிறது என்று நன்றாகப் பாருங்கள். தட்டினால் தமிழே வராவிட்டால் பிரச்சினை கீபோர்டு அமைப்பில். எழுத்துக்குப் பதிலாகக் காலிக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை. புள்ளிகளால் ஆன சிறு வட்டம் தெரிந்தால் தட்டிய வரிசை தவறு. புரியாத ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி எண்களாகப் பதிவுசெய்யும் முறை) பொருந்தவில்லை. வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் கோப்பைச் சேமித்தபோதே தமிழ் தொலைந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எழுத்துரு இல்லாததற்குக் கீபோர்டை மாற்றிக்கொண்டிருந்தால் நாள் முழுக்கப் போராடினாலும் பலன் இருக்காது.

தட்டினால் தமிழ் வரவில்லை

1. விண்டோஸ் பொத்தானையும் ஆங்கில ‘ஐ’ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். செட்டிங்ஸ் திறக்கும்.
2. ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ பகுதிக்குள் போங்கள். விண்டோஸ் 11 என்றால் ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜியன்’, விண்டோஸ் 10 என்றால் ‘லாங்குவேஜ்’.
3. ‘ஆட் எ லாங்குவேஜ்’ அழுத்தி, தேடும் பெட்டியில் தமிழ் என்பதை ஆங்கிலத்தில் அடியுங்கள். உங்கள் நாட்டுக்குரிய தமிழைத் தேர்ந்தெடுங்கள்.
4. அடுத்த திரையில், இதையே விண்டோஸின் காட்சி மொழியாக வைக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் மெனுக்கள் எல்லாம் தமிழுக்கு மாறும். அது பிடித்தவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே நான் சொல்லும் பெயர்கள் அப்போது திரையில் வேறாக இருக்கும்.
5. இன்ஸ்டால் ஆனதும், பட்டியலில் தமிழுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி ‘லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’ போங்கள். விண்டோஸ் 10இல் தமிழ் என்ற பெயரைத் தொட்டு ‘ஆப்ஷன்ஸ்’.
6. அங்கே ‘ஆட் எ கீபோர்டு’ அழுத்தி வேண்டிய கீபோர்டைச் சேருங்கள். வேண்டாததை நீக்கிவிடுங்கள்.

அப்புறம் எழுதும்போது விண்டோஸ் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் இப்போது எந்த மொழி என்று தெரியும்.

ஆறாவது படியில் எந்தக் கீபோர்டு என்று தடுமாறுவீர்கள். ‘தமிழ் 99’ஐ எடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தரம் அது. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். ‘கா’ வேண்டுமென்றால் க, பிறகு ஆ. இலக்கணத்தில் படித்த வரிசையிலேயே தட்டலாம். புள்ளி வைக்க ஆங்கில ‘எஃப்’ இருக்கும் விசை. ஒன்றிரண்டு வாரம் கை பழகும்வரைதான் சிரமம்.

‘தமிழ் ஃபோனெடிக்’ விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் பதிப்பில் வந்தது. ஆங்கில உச்சரிப்பில் அடித்தால் தமிழ்ச் சொற்களைப் பரிந்துரைக்கும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் ண, ன, ந மூன்றுக்கும் ல, ள, ழ மூன்றுக்கும் ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நிறைய எழுதுகிறவர்களுக்கு அது அலுப்பைத் தரும். வெறும் ‘தமிழ்’ என்று மட்டும் இருப்பது இன்ஸ்கிரிப்ட் முறை. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே மாதிரி விசை அமைப்பு கொண்டது.

டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு விண்டோஸ் பட்டியலில் அந்த முறை கிடைக்காது. என்எச்எம் ரைட்டர், எ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் தட்டச்சுப்பொறி முறை உண்டு. அவற்றைப் போடும்போது ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: விண்டோஸின் மொழி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் தமிழில் இருந்தால் ஒன்று கொடுத்ததை மற்றொன்று மாற்றி, அர்த்தமில்லாத எழுத்துகள் வரும். "மென்பொருள் கெட்டுப்போச்சு" என்று கழற்றி மாட்டுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

வேர்டில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம்

மொழி தானாக மாறிக்கொண்டே இருக்கிறதென்றால் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ பகுதியில் (விண்டோஸ் 10 என்றால் ‘டிவைசஸ்’ பகுதியில்) ‘டைப்பிங்’, அதற்குள் ‘அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்’ போங்கள். ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி மொழி வைத்துக்கொள்ள ஒரு கட்டம் இருக்கும். டிக் போட்டால் ஒவ்வொரு ஜன்னலும் தன் மொழியை நினைவில் வைத்திருக்கும். எடுத்தால் எல்லா இடத்திலும் ஒரே மொழி. எது வசதி என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது.

அதே பக்கத்தின் மேலே, லேப்டாப் எந்தக் கீபோர்டுடன் தொடங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். அங்கே ஆங்கிலத்தையே வையுங்கள். லேப்டாப்பைத் திறக்கும்போது சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் ‘தவறு’ என்று வந்தால், கீபோர்டு தமிழில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பாஸ்வேர்டு கட்டத்தில் உள்ள கண் படத்தை அழுத்தினால் என்ன விழுகிறது என்று தெரியும். திரையின் வலது கீழ் மூலையில் உள்ள மொழிக் குறியைத் தொட்டு ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும்.

புள்ளி வட்டம் தெரிகிறது

டைப்ரைட்டரிலும் பழைய எழுத்துருக்களிலும் ‘கெ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. இன்று எல்லா மொழிகளுக்கும் பொதுவாக உள்ள குறியாக்கமான யூனிகோடில் கண்ணுக்குத் தெரியும் வரிசை முக்கியமில்லை. மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. கொம்பை முன்னால் தட்டினால், தனக்குரிய மெய் இல்லாத அந்தக் கொம்பைக் கணினி ஒரு புள்ளி வட்டத்தின் மேல் மாட்டிக் காட்டும். அழித்துவிட்டு வரிசையை மாற்றித் தட்டுங்கள். வேறு செட்டிங் எதையும் தொட வேண்டியதில்லை.

கட்டம் கட்டமாகத் தெரிகிறது

இந்த நிலையில் உங்கள் எழுத்து பத்திரமாகத்தான் இருக்கிறது. காட்டுவதற்கு எழுத்துரு மட்டும் இல்லை. முழு உரையையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ‘நிர்மலா யுஐ’ என்று மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. அதற்கு முன் லதா, விண்டோஸ் 7இல் விஜயா. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் கூடுதல் எழுத்துருக்களாகி விட்டன. வேண்டுமென்றால் செட்டிங்ஸின் தேடும் பெட்டியில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடி, ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ சேர்த்துக்கொள்ளுங்கள். இணைய இணைப்பு தேவை.

வேர்டில் எழுத்துருவையும் அளவையும் மாற்றியும் தமிழ் மட்டும் மாறவில்லை என்று சிலர் சொல்வார்கள். கன்ட்ரோலுடன் ஆங்கில ‘டி’ அழுத்தினால் வரும் பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று தனிப் பகுதி இருக்கும். வேர்டின் கணக்கில் தமிழ் அந்தப் பகுதியில்தான் வருகிறது. எழுத்துருவையும் அளவையும் அங்கே மாற்றுங்கள்.

புரியாத ஆங்கில எழுத்துகள்

இங்கேதான் நிறையப் பேர் நல்ல கோப்புகளைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

யூனிகோடு பரவுவதற்கு முன்னால், ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து எழுத்துரு செய்தார்கள். பாமினி அப்படிப்பட்டது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். பாமினி இல்லாத லேப்டாப்பில் அந்த ஆங்கில எழுத்துகளே தெரியும். வானவில், டாம், டாப், டிஸ்கி என்று இப்படிப் பல முறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இடங்கள் வேறு.

முதலில் கோப்பின் நகல் ஒன்றை வேறு பெயரில் வையுங்கள். வேர்டில் திறந்து, புரியாத வரியில் கர்சரை வைத்தால் மேலே எழுத்துருவின் பெயர் தெரியும். அந்த எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். அதுதான் துப்பு. பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் அல்லது பொங்குதமிழ் மாற்றியில் அந்த முறையைத் தேர்ந்தெடுத்து யூனிகோடாக மாற்றுங்கள். முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்களோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழ் என்று நினைத்துச் சிதைத்துவிடும். பத்தி பத்தியாக மாற்றுவது மெதுவானதுதான், ஆனால் பாதுகாப்பானது. தாத்தாவின் சுயசரிதையோ ஊர்க் கோயில் மலரோ பாமினியில் கிடந்தால், இந்த வேலையை இப்போதே செய்துவிடுங்கள்.

இன்னொரு வகைக் குழப்பம் உண்டு. எக்செல்லில் சிஎஸ்வி கோப்பைத் (அட்டவணையை வெறும் எழுத்தாக, காற்புள்ளியால் பிரித்து வைக்கும் கோப்பு) திறந்தால், தலையில் கீறல் போட்ட ஆங்கில ‘ஏ’ திரும்பத் திரும்ப வரும். அது பழைய எழுத்துரு இல்லை; சரியான யூனிகோடுதான். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். எக்செல் அவற்றைத் தனித்தனி எழுத்தாகப் படித்துவிட்டது. கோப்பை இருமுறை தட்டித் திறக்காமல், காலி எக்செல்லைத் திறந்து, ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ எடுங்கள். ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001 எண்ணுள்ள யூனிகோடைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தெரியும். நீங்கள் சேமிக்கும்போதும் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதையே எடுங்கள்.

கேள்விக்குறிகள்

தமிழ் தெரியாத குறியாக்கத்தில் சேமித்தால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகவே பதிவாகும். எந்த மாற்றியாலும் மீட்க முடியாது. பழைய மின்னஞ்சல் இணைப்பு, ஒன்டிரைவின் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ போன்றவற்றில் முந்தைய நகல் இருக்கிறதா என்று தேடுங்கள். நோட்பேடில் ‘சேவ் அஸ்’ கொடுக்கும்போது கீழே ‘என்கோடிங்’ யுடிஎஃப்-8 என்று இருக்கட்டும்.

அச்சு வேலை செய்பவர்களுக்கு

பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதில் தமிழை ஒட்டிப் போராட வேண்டாம். இன்டிசைனில் கொம்பு இடம் மாறித் தெரிந்தால், ‘பாராகிராஃப்’ பேனலின் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்தெடுங்கள்.

தேடினால் கிடைக்காத பெயர்

‘கௌரி’ என்ற பெயர் கண்ணெதிரே இருந்தும் தேடலில் சிக்கவில்லையா? ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ போட்டிருப்பார்கள். எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். க மட்டும் மிஞ்சினால் சரியான எழுத்து. ‘கெ’ மிஞ்சினால் தவறு. சரியாக அடிக்க க, பிறகு ஔ. கோப்பு முழுக்கத் திருத்தக் கன்ட்ரோலுடன் ஆங்கில ‘எச்’ அழுத்தித் தேடி மாற்றலாம். ஆனால் ‘ரீப்ளேஸ் ஆல்’ வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் கெளுத்தி மீனும் சேர்ந்து கெட்டுவிடும்.