கோழி குட்டி மனுஷன் கிடையாது: வளர்ப்புல நாம பண்ற தப்புங்க

புதுசா கோழி வளர்க்கிறவங்க கையில சாகுற கோழிங்கள்ல பாதி பாசத்தால தான் சாகுதுங்க. குளிருமேன்னு கூண்ட நாலு பக்கமும் மூடுறது, பசிக்குமேன்னு கண்டதையும் போடுறது, தனியா இருக்கேன்னு வாங்கிட்டு வந்த அன்னைக்கே மத்ததோட சேத்து விடுறது. நமக்கு எது சுகமோ அதுவே அதுக்கும் சுகம்னு ஒரு நெனப்பு. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், முதல் பேட்ச்ல பன்னெண்டு குஞ்சு, தேறுனது அஞ்சு.

அந்த பன்னெண்டுல ரெண்டு போனது பேப்பரால. அட்டைப்பெட்டிக்குள்ள சுத்தமா இருக்கட்டும்னு நியூஸ்பேப்பர் விரிச்சு விட்டேன், அது குஞ்சு காலுக்கு வழுக்கும், வழுக்கி வழுக்கி ரெண்டு காலும் ஆளுக்கொரு பக்கம் விரிஞ்சு போயிடும், அப்புறம் எந்திரிக்கவே முடியாது. முதல் நாலஞ்சு நாளைக்கு சொரசொரப்பான துணியோ பேப்பர் டவலோ போடுங்க, தீவனம் எது தரை எதுன்னு குஞ்சுக்கு புரிஞ்சதும் மரத்தூளுக்கு மாத்திக்கலாம், அதுவும் பொடியா இல்லாம சுருள் சுருளா இருக்கிற சீவல் தான் நல்லது.

சூடு விஷயத்துலயும் இதே கதை தான். முதல் வாரம் குஞ்சு இருக்கிற எடத்துல 35 டிகிரி செல்சியஸ் பக்கம் வேணும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி கொறச்சுக்கிட்டே வரணும், இது எல்லாரும் சொல்றது. ஆனா தெர்மாமீட்டர விட குஞ்சே கரெக்டா சொல்லும். சூட்டுக்கு போட்ட பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கத்துச்சுன்னா குளிருது, பல்ப விட்டு ஓரமா போய் வாய பொளந்துட்டு படுத்திருந்தா வேகுது, பரவலா அங்கங்க மேஞ்சுட்டும் தூங்கிட்டும் இருந்தா சரியா இருக்கு. பெட்டி முழுக்க ஒரே சூடா வைக்கிறது தான் பெரிய தப்பு, ஒரு மூலை சூடா இன்னொரு மூலை கொஞ்சம் ஆறலா இருந்தா அதுவே வேணுங்கிற எடத்துக்கு போயிக்கும். தண்ணி கிண்ணத்துல கூழாங்கல்லு போட்டு வைங்க, ஒரு இஞ்ச் தண்ணி போதும் ஒரு நாள் குஞ்சு முங்கி சாக.

இப்போ கூண்டு. வளந்த கோழி இறகு போர்த்திக்கிட்டு தான் நிக்குது, குளிர ஓரளவுக்கு நல்லாவே தாங்கும். அதால தாங்க முடியாதது ஈரமும், எச்சத்துல இருந்து கெளம்புற அமோனியா வாயுவும் தான். ராத்திரி பூரா அது விடுற மூச்சும் போடுற எச்சமும் உள்ளயே தேங்குனா கண்ணு எரியும், சளி புடிக்கும், நீங்க குளிரால சளி புடிச்சிருச்சுன்னு நெனச்சு இருக்கிற ஓட்டையையும் அடைப்பீங்க. ஒரு சிம்பிள் டெஸ்ட் இருக்கு, காலையில கதவ தொறந்த உடனே கோழி ஒக்கார்ற உயரத்துக்கு குனிஞ்சு மோந்து பாருங்க, மூக்குல சுருக்குன்னு ஏறுச்சுன்னா காத்து பத்தல. காத்து போக வேண்டியது கோழி தலைக்கு மேல, கூரைக்கு கீழ. கோழி உடம்பு மேல நேரா அடிக்கிற மாதிரி வைக்கக்கூடாது. குளிர விட வெயிலுக்கு தான் நாம பயப்படணும், கோழிக்கு வேர்வை சுரப்பியே கிடையாது, வாய தொறந்து மூச்சு வாங்குறது தான் அதுக்கு இருக்கிற முக்கியமான ஏசி.

கோழி வலைன்னு விக்கிறாங்களே அந்த அறுகோண கண்ணு வலை, அது கோழி வெளிய போகாம தடுக்கும், வெளியில இருந்து வர்றத தடுக்காது. நாய் கடிச்சே பிச்சிடும், பாம்பும் எலியும் கண்ணு வழியாவே வந்துடும், கீரி அடியில தோண்டி வரும். அர இஞ்ச் கண்ணு இருக்கிற வெல்டட் கம்பி வலைய போடுங்க, கூண்டு ஓரத்துல ஒரு அடி அகலத்துக்கு வெளிப்பக்கமா தரையில படுக்க வச்சு மண்ண மூடிடுங்க, தோண்டுறது எல்லாம் செவுத்து ஓரமா தான் தோண்டும், வலை தட்டுனதும் விட்டுட்டு போயிடும்.

தீவனத்துல நடக்குற தப்ப தனியா எழுதலாம், அவ்ளோ இருக்கு. முக்கியமா, பெருசுங்களும் குஞ்சுங்களும் ஒண்ணா இருக்குன்னு எல்லாத்துக்கும் லேயர் தீவனமே போடுறது. முட்டையிடுற கோழி தீவனத்துல கால்சியம் 3.5ல இருந்து 4 சதவீதம் வரைக்கும் இருக்கும், குஞ்சுக்கு வேண்டியது 1 சதவீதம் போல தான், மிச்சத்த வெளியேத்த முடியாம கிட்னி கெட்டுப் போகும். ஒண்ணா தான் வச்சிருக்கேன்னா எல்லாத்துக்கும் குஞ்சு தீவனமோ வளர்ற கோழி தீவனமோ போட்டுட்டு, கால்சியத்துக்கு கிளிஞ்சல் தூள தனி கிண்ணத்துல வைங்க, முட்டையிடுறது மட்டும் தேவைக்கு தின்னுக்கும். கிளிஞ்சல் வேற கல்லு வேற, இத நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. கோழிக்கு பல்லு இல்ல, கல்லீரல் பக்கத்துல இருக்கிற கல்குடல்ல சின்ன சின்ன கல்ல வச்சு தான் அரைக்குது, கிளிஞ்சல் கரைஞ்சு போயிடும், அதால கல்லோட வேலைய செய்ய முடியாது. அடைச்சே வளர்த்து தானியம் போட்டா கல்லும் கண்டிப்பா குடுக்கணும்.

அப்புறம் பூஞ்சை புடிச்ச தீனி. நாம திங்க முடியாதத கோழிக்கு போடலாம்ங்கிற பழக்கம் இருக்கு பாருங்க, அது ரொம்ப மோசம். 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிங்க காரணம் தெரியாம செத்துச்சு, எந்த நோய்னே புரியாம டர்க்கி எக்ஸ்னு பேரு வச்சாங்க, கடைசில பாத்தா தீவனத்துல கலந்த கடலை புண்ணாக்குல பூஞ்சை. அஃப்ளாடாக்சின்ங்கிற விஷத்தையே உலகம் அப்படித்தான் கண்டுபுடிச்சது. வாத்துக்கும் வான்கோழிக்கும் இது கோழிய விட சீக்கிரம் ஏறும். வேகாத காஞ்ச பீன்ஸ், அவகாடோ தோலு கொட்டை, பச்சை ஏறுன உருளைக்கிழங்கு தோலு, சாக்லேட், உப்பு அதிகமான மிச்சம் மீதி, இதெல்லாமும் வேணாம்.

எல்லா பறவையையும் ஒரே எடத்துல விட்டா அழகா இருக்கும்னு ஒரு ஆசை வரும். வான்கோழியையும் கோழியையும் சேத்து வைக்காதீங்க, கோழி குடல்ல இருக்கிற ஒரு புழுவோட முட்டை வழியா பிளாக்ஹெட்னு ஒரு நோய் பரவும், கோழி பெரும்பாலும் ஒண்ணும் ஆகாம சுத்திட்டு இருக்கும், வான்கோழி செத்துடும். ஆண் வாத்து பெட்டைக் கோழி மேல ஏறும், சேவல் மாதிரி இல்லாம அதுக்கு உறுப்பு உண்டு, கோழிக்கு உள்ள காயமாகி செத்தே போகலாம். வாத்துக்குஞ்சுக்கு கோழிக்குஞ்சு தீவனம் மட்டும் போட்டா நியாசின்ங்கிற வைட்டமின் பத்தாம காலு வளைஞ்சு நடக்க முடியாம போகும், ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து குடுத்தா சரியாகும். வாத்து தானேன்னு பொறந்த வாரமே தொட்டில நீந்த விடாதீங்க, தாய் இல்லாத குஞ்சு இறகுல எண்ணெய் இருக்காது, நனைஞ்சு விறைச்சிடும். காடை பயந்தா நேரா மேல எகிறும், கூண்டு உயரம் ஒரு அடிக்குள்ள இருக்கணும், இல்ல ஆள் உயரத்துக்கு மேல இருக்கணும், நடுவுல இருந்தா மண்டைய ஒடச்சுக்கும்.

வீட்டுக்குள்ள சின்ன பறவைங்க வளர்க்கிறவங்களுக்கு ஒண்ணு. அடுப்புல வச்சு மறந்த நான்ஸ்டிக் பாத்திரத்துல இருந்து வர்ற புகை கொஞ்ச நேரத்துல பறவைய கொன்னுடும், நமக்கு வாசனை கூட தெரியாது. பறவையோட நுரையீரல் அவ்ளோ வேகமா காத்த உறிஞ்சும், அதனால தான் பிரிட்டன் சுரங்கத்துல விஷவாயு தெரிய கேனரிங்கிற குருவிய கொண்டு போவாங்க, 1986ல தான் அத நிறுத்துனாங்க.

வெளியில இருந்து வாங்குன கோழிய 30 நாளு தனியா வைக்கணும். ஒரு வாரம் பாத்தேன் நல்லாதான் இருக்குன்னு சொல்றவங்க கிட்ட எனக்கு கொஞ்சம் கோவமே வரும், ஏன்னா சில நோய்ங்க பாக்க திடமா இருக்கிற கோழி வழியா தான் வருது. தீனி வைக்கும்போது பழசுக்கு முதல்ல வச்சுட்டு புதுசுக்கு அப்புறம் போங்க, செருப்பும் தனி. சேக்கும்போதும் ஒண்ண மட்டும் விடாதீங்க, எல்லாம் சேந்து கொத்தியே கொன்னுடும், ரெண்டு மூணா, கொஞ்ச நாளு வலைக்கு அந்த பக்கம் இந்த பக்கம் வச்சு பழக்கிட்டு விடுங்க.

வெள்ளைக்கழிச்சல் வந்துட்டா மருந்து கிடையாது, அது வைரஸ், ஆன்டிபயாட்டிக் ஊத்துறது காசுக்கும் கேடு கோழிக்கும் கேடு. தடுப்பூசி மட்டும் தான், அதுவும் நோய் வர்றதுக்கு முன்னாடி, கால்நடை டாக்டர் சொல்ற கணக்குல. தண்ணில கலந்து குடுக்கிற தடுப்பு மருந்துன்னா குளோரின் இல்லாத தண்ணி பாத்துக்கோங்க, குளோரின் அந்த மருந்தையே கொன்னுடும், நாம போட்டாச்சுன்னு நிம்மதியா இருப்போம்.

பறவை உடம்பு முடியலன்னா காட்டிக்காது, தளந்து ஒக்காந்துச்சுன்னா ஏற்கனவே லேட்டுன்னு அர்த்தம். நான் தினமும் பாக்கிறது தீனிப்பை, கழுத்துக்கு கீழ நெஞ்சு பக்கம் தின்னது தங்குற பை அது. சாயங்காலம் தொட்டா நெறஞ்சு இருக்கணும், காலையில தீனி வைக்கிறதுக்கு முன்னாடி தொட்டா காலியா இருக்கணும். காலையிலயும் உப்பலா கொழகொழன்னு இருந்தா தீனி சரியா கீழ எறங்கல, சாயங்காலமே காலியா இருந்தா அது தின்னவே இல்ல. தொட்டுப் பாத்துட்டு கைய சோப்பு போட்டு கழுவிடுங்க, சால்மோனெல்லாங்கிற கிருமி நல்லா இருக்கிற கோழி மேலயும் இருக்கும், பிள்ளைங்கள குஞ்சுக்கு முத்தம் குடுக்க விடாதீங்க.

ஒரு நாள் திடீர்னு கூண்டு பூரா இறகா கெடக்கும், முட்டையும் நின்னுடும், உடனே என்ன நோயோன்னு போன் வரும் எனக்கு. இறகு உதிர்க்கிற சீசன் அது, ரெண்டு மூணு மாசம் ஓடும், இறகே பெரும்பாலும் புரதம்ங்கிறதால அந்த சமயம் புரதம் கொஞ்சம் கூட்டி குடுங்க, புது இறகு முளைக்கிற எடத்துல தொட்டா வலிக்கும்ங்கிறதால தூக்கி கொஞ்சாம விட்டுடுங்க.