மீனுக்கு டேக் குத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூண்டிலில் சிக்கிய மீனுக்கு எண்ணிட்ட பிளாஸ்டிக் டேக் குத்தித் தண்ணீரில் திரும்ப விடும் பணியை, அமெரிக்காவில் 1954 முதலும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1973 முதலும், பொழுதுபோக்காக மீன் பிடிப்போர் ஆய்வாளர்களுக்காகச் செய்து வருகின்றனர். கடலூர் உப்பனாற்றிலோ அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்திலோ கொடுவாவுக்குத் தூண்டில் போடுவோர் இதில் இறங்க விரும்பினால், முதலில் ஒன்றை அறிய வேண்டும். இதில் நேரும் பெரிய பிழைகள் பல, இல்லாத மீனை இருப்பதாகவே காட்டுகின்றன.

ஓரிடத்தில் 100 மீன்களுக்கு டேக் குத்தி விட்டதாகக் கொள்வோம். பின்னர் பிடிபட்ட 50 மீன்களில் 5, அதாவது பத்தில் ஒன்று, டேக்குடன் இருந்தால், டேக் குத்திய 100 மீன்களும் மொத்தத்தில் பத்தில் ஒன்று என்று கொண்டு, அங்கே ஏறத்தாழ 1,000 மீன்கள் உள்ளதாகக் கணக்கு வரும். அந்த ஐந்தில் இரண்டு டேக்குகள் மீன் வெட்டுமிடத்தில் செதிலோடு குப்பைக்குப் போய், மூன்று மட்டுமே தெரிவிக்கப்பட்டால், அதே கணக்கு 1,667 என்று உயர்ந்துவிடும். இதை நம்பிப் பிடிப்பு வரம்பை வகுத்தால், தாங்கும் அளவுக்கு மேல் பிடிக்க வழிவிட்டதாகும். டேக் கழன்று விழுந்தாலும், விட்ட மீன் செத்தாலும் விளைவு இதுவே.

டேக் கழல்வதற்குப் பெரும்பாலும் குத்தும் விதமே காரணம். முதுகுத் துடுப்பின் அடியில், தலைப் பக்கமாகச் சாய்த்துக் குத்தி, உள்ளிருக்கும் துடுப்பு முட்களுக்குப் பின்னே டேக்கின் கொக்கி மாட்டிக்கொள்ளச் செய்ய வேண்டும். பிறகு மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். சதையில் மேலோட்டமாகக் குத்தியது நிற்காது. சித்திரை வெயிலில் காய்ந்த படகுத் தளத்தில் மீனைக் கிடத்துவதும், உலர்ந்த கையால் பிடிப்பதும் அதன் மேலுள்ள வழவழப்புப் பூச்சை உரித்துவிடும். செவுளில் விரல் விட்டுத் தூக்கிப் படம் எடுக்கும் ஆசையை அறவே விட்டுவிடுவது நல்லது.

நீளத்தை உடல் வளைவின் மேல் நாடா வைத்து அளக்காமல், ஈரப்படுத்திய அளவுப் பலகையில் கிடத்தி அளக்க வேண்டும். பாறை மீனை வாலின் பிளவு வரை அளந்தோமா, வால் நுனி வரை அளந்தோமா என்பதையும் குறிக்க வேண்டும். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பெருத்தபின் பெண்ணாக மாறுவது. ஆகவே அதில் நீளம் பிசகினால் பாலினக் கணக்கும் பிசகும். இடத்தைக் 'கடலூர் பக்கம்' என்று எழுதுவதால் பயனில்லை, கைப்பேசியின் ஜி.பி.எஸ். அளவைக் குறிக்கலாம்.

ஆய்வு நிறுவனத்தின் பதிவேட்டில் இல்லாத எண்ணைத் தாமே எழுதிக் குத்துவது மீனுக்குக் காயம் மட்டுமே. டேக் உள்ள மீன் சிக்கி, அதைத் திரும்ப விடுவதானால், டேக்கை அறுக்காமல் எண்ணையும் நீளத்தையும் குறித்துக்கொண்டு விட வேண்டும்.