போஸ்ட்பெய்டு இணைப்பிலிருந்து வெளியேறக் கட்டணம் கேட்கிறார்களா? பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஓசூரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ பெங்களூருக்கு வேலைக்கு வந்து, கன்னடமும் இந்தியும் இன்னும் வசப்படாத நிலையில் போஸ்ட்பெய்டு இணைப்பை நிறுத்தக் கடைக்குப் போகிறவரிடம், "இடையில் விட்டால் இவ்வளவு கட்ட வேண்டும்" என்று ஒரு தொகையைச் சொன்னால், அவர் பெரும்பாலும் மறுபேச்சின்றிக் கட்டிவிட்டு வருகிறார். சென்ற ஆண்டு அல்சூரில் என் மைத்துனரும் அப்படித்தான் கட்டினார். எந்த விதியின்கீழ் அந்தத் தொகை கேட்கப்பட்டது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. பணத்தை எடுப்பதற்கு முன் கீழே உள்ள வரிசையில் செயல்படுங்கள். வரிசை மாறினால் கையில் ஆதாரம் இல்லாமல் போய்விடும்.

முதல் படி: நீங்கள் எதற்கு ஒப்புக்கொண்டீர்கள் என்று பாருங்கள்

இணைப்பு வாங்கியபோது நிரப்பிய விண்ணப்பம், வந்த மின்னஞ்சல், செயலியில் உள்ள திட்ட விவரம் ஆகிய மூன்றையும் எடுத்து, குறிப்பிட்ட காலம் வரை தொடர வேண்டும் என்ற நிபந்தனை எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். தவணையில் கைபேசியோ, ஓராண்டுச் சந்தாவோ சேர்த்துக் கொடுக்கப்பட்ட திட்டங்களில் அத்தகைய நிபந்தனை இருக்கக்கூடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "ஆறு மாதம் திட்டத்தை மாற்ற முடியாது" என்று சில கடைகளில் சொல்கிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி அதற்கு நேர் எதிரானது: நீங்கள் ஒரு திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்கு நிறுவனம் அதன் கட்டணத்தை உயர்த்தக் கூடாது, நீங்களோ அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே வேறு திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். கட்டுப்பாடு அவர்களுக்குத்தான், உங்களுக்கு அல்ல.

இரண்டாம் படி: புகார் எண்ணை வாங்குங்கள்

உங்கள் நிறுவனத்தின் புகார் மையமான 198ஐ அழைத்து, எந்த நிபந்தனையின்கீழ் கட்டணம் கேட்கிறீர்கள் என்று கேட்டு, புகாராகப் பதியச் சொல்லி, புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதே கேள்வியை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கடையில் வாய்வார்த்தையாகச் சொன்னது எதுவும் பின்னர் உதவாது.

மூன்றாம் படி: அதே எண்ணுடன் வேறு நிறுவனத்துக்கு மாறிப் பாருங்கள்

'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையும், ஓர் இடைவெளி விட்டு உங்கள் பத்து இலக்க எண்ணையும் தட்டி 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தகுதி இருந்தால், புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டிய எட்டு எழுத்துக் குறியீடு வரும். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அது 4 நாட்களுக்குச் செல்லும். ஒரே வட்டத்துக்குள், அதாவது ஒரே தொலைத்தொடர்பு சேவைப் பகுதிக்குள் என்றால் 3 வேலை நாட்களிலும், தமிழ்நாட்டு எண்ணைக் கர்நாடக வட்டத்துக்குக் கொண்டுவருவதென்றால் 5 வேலை நாட்களிலும் மாற்றம் முடிய வேண்டும்.

தகுதி இல்லையென்றால் குறியீட்டுக்குப் பதிலாகக் காரணம் குறுஞ்செய்தியாக வரும். என் பார்வையில் இந்தப் படியின் பெரும்பயன் அதுதான், ஏனெனில் கடையில் எழுத்தில் தர மறுத்த காரணம் இப்போது உங்கள் கைபேசியிலேயே பதிவாகிவிடுகிறது. இணைப்பு வாங்கி 90 நாட்கள் ஆகாதது, வந்த பில்லில் கெடு தாண்டிய பாக்கி, ஒப்பந்தத்தின் வெளியேறும் நிபந்தனையை நிறைவேற்றாதது ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். கடைசிக் காரணம் வந்து, எண்ணை மாற்றுவதும் அவசரம் என்றால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திருப்பிக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். மாறிய பிறகு வரும் இறுதி பில்லை அலட்சியம் செய்ய வேண்டாம். அது கட்டப்படாவிட்டால் பழைய நிறுவனம் கேட்டுக்கொண்டு புதிய நிறுவனத்தில் எண்ணைத் துண்டிக்க வைக்க முடியும்.

நான்காம் படி: மேல்முறையீடு

புகாருக்குக் கிடைத்த பதில் திருப்தியளிக்கவில்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் 30 நாட்களுக்குள் செல்லலாம். கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேரடியாக எழுதுவது வீண்வேலை, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை.

ஐந்தாம் படி: நிறுவனத்துக்கு வெளியே

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்கீழ் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். "தொலைத்தொடர்பு வழக்குகள் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது" என்ற பழைய வாதத்தை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டதால், அதைக் கேட்டுத் தயங்க வேண்டாம்.

எங்கே போவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நிபந்தனையே எழுத்தில் இல்லாமல் பணம் பிடித்திருந்தால் அது சேவைக் குறைபாடு. மாவட்ட ஆணையம் போதும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. நிபந்தனை எழுத்தில் இருந்தும், மிச்சமிருக்கும் கைபேசித் தவணையைவிடப் பலமடங்கு கேட்கிறார்கள் என்றால், அது வேறு வழக்கு. ஒப்பந்தத்தை மீறியதால் நேர்ந்த நட்டத்துக்கு முற்றிலும் பொருந்தாத அபராதத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்குத்தான் உண்டு. கர்நாடக மாநில ஆணையம் பெங்களூரிலேயே இருப்பது நமக்கு வசதி.

நிறுவனத்தின் தலைமையகம் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே மனு கொடுக்கலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். விண்ணப்பப் படிவம், பில், புகார் எண், 1900இலிருந்து வந்த குறுஞ்செய்தியின் படம், ஆட்சேப மின்னஞ்சல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணைத்துக் கொடுங்கள்.